நேராக உருளாத மருமகள்

பித்தப்பையில் கல் என்று மாமியாரிடம் சொன்னபோது பித்தப்பை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்கு நிச்சயமாகத் தெரியாது. போனில் தேடிப் பார்த்துவிட்டு, வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, "இங்கதான் அத்தே, சுருக்கு சுருக்குனு குத்துது" என்றேன். நடிப்பு ரொம்ப சுமார். பள்ளி ஆண்டு விழாவில்கூட எனக்குத் திரை இழுக்கிற வேலையைத்தான் கொடுப்பார்கள். ஆனாலும் மாமியார் நம்பினார். நம்பியதோடு விட்டிருந்தால் வம்பே இல்லை.

உண்மையில் நான் ஆஸ்பத்திரிக்குப் போனது மார்பில் சிலிக்கான் பை வைத்துக்கொள்ள. இரண்டு பக்கமும். ஒரு நோய்நொடி இல்லாத உடம்பை நானே கூட்டிக்கொண்டு போய் ஆபரேஷன் மேஜையில் படுக்க வைத்தேன். இதை எழுதும்போதே என் தலையில் நானே நறுக்கென்று ஒரு குட்டு வைக்கலாம் போல இருக்கிறது.

ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். அப்பாவுக்கு அங்கே பாதுகாப்புத் துறை தொழிற்சாலையில் வேலை. எங்கள் வரிசையில் திருநெல்வேலி, தஞ்சாவூர், தருமபுரி என்று எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அதனால் எல்லா ஊர்க் கிண்டலும் கிடைத்தது. எட்டாம் வகுப்பிலிருந்து எனக்குப் பட்டப்பெயர் கேரம் போர்டு. மற்ற பெண்கள் ஒவ்வொருத்தியாகத் துப்பட்டாவைக் கவனமாக மடித்துப் பின் குத்த ஆரம்பித்தபோது, எனக்கு அது சீருடையின் பாகம் என்பதற்கு மேல் ஒரு அவசியமும் இல்லாமல் இருந்தது. "பவுடர் போட்டியாடி? காயின் நல்லா ஓடுமா?" என்று கேட்டுவிட்டு ஓடுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுவேன்.

கல்யாணம் ஆகி, பெண் பிறந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதி, முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகும் அந்தக் கேரம் போர்டு என் மண்டையை விட்டு இறங்கவில்லை. பெண்ணுக்குப் பால் கொடுத்த மாதங்களில் மட்டும் நிமிர்ந்து நடந்தேன். அவள் பால் மறந்ததும் அந்த வாழ்வும் போனது. போனது சும்மா போகாமல் முன்பு இருந்ததிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனது.

கணவர் கேட்டுச் செய்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பழியைப் போட ஒரு தலை கிடைத்தால் நன்றாகத்தானே இருக்கும்? ஆனால் அவர், "எதுக்கு? இப்ப இன்னா கொறச்சல்?" என்றுதான் கேட்டார். நான் நம்பவில்லை. புடவைக் கடையில் எதைக் காட்டினாலும் 'நல்லாத்தான் கீது' என்று சொல்கிற அதே குரலில் சொன்னால் யார் நம்புவது? இது என் பிறவி ஆசை, குறுக்கே வராதீர்கள் என்றேன். அவர் வரவில்லை. அவருடைய ஒரே குறை அதுதான். நான் முட்டாள்தனம் செய்யும்போது குறுக்கே வரமாட்டார்.

நகரத்தின் அந்தக் கோடியில் இருந்த டாக்டர் மாதிரிப் பைகளை மேஜையில் பரப்பி வைத்தார். தக்காளிக் கடையில் நிற்பதுபோல ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். "உங்க உடம்புவாகுக்கு இது போதும்" என்று ஒன்றைத் தள்ளினார். நான் அதற்கு அடுத்த பெரியதை எடுத்தேன். செருப்பைக்கூட ஒரு அளவு பெரியதாக வாங்கிப் பழகிய குடும்பம் எங்களுடையது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். வளர்கிற பிள்ளைக்குப் பாவாடை எடுக்கிற புத்தி.

வீட்டில் பித்தப்பைக் கல் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய காலையில்தான் மாமியார் அந்தக் காரியத்தைச் செய்தார். அவர் கரையான்சாவடியிலேயே பிறந்து, கரையான்சாவடியிலேயே வாக்கப்பட்டவர். குடும்பத்துக்கு ஒரு காலத்தில் வயல் இருந்தது, இப்போது அதன்மேல் வாடகைக்கு விட்ட கடைகள் இருக்கின்றன. சாமி அலமாரி முன்னால் சூடத்தை ஏற்றிவிட்டு, என் காதில் விழும்படியாகவே சொன்னார்:

"தாயே, என் மருமவ நல்லபடியா ஊடு வந்து சேர்ந்தா, அவ உன் கோயிலைச் சுத்தி உருண்டு குடுப்பா. அது வரிக்கும் நான் மீனைத் தொடமாட்டேன்."

என் உடம்பையும் தன் நாக்கையும் ஒரே மூச்சில் அம்மனிடம் அடகு வைத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் வேண்டுதல் அப்படித்தான் நடக்கும். ஒருவர் வேண்டிக்கொள்வார், இன்னொருவர் மொட்டை போட்டுக்கொள்வார். பெண்கள் உருளக் கூடாது என்று சில கோயில்களில் சொல்வார்களாம். எங்கள் பக்கத்து அம்மனுக்கு அந்த நியாயமெல்லாம் கிடையாது. ஆடி பிறந்துவிட்டால் பெண்கள்தான் அங்கே வரிசையில் உருளுவார்கள்.

என் உருளலை விடுங்கள், அவர் மீனை விட்டதுதான் பெரிய விஷயம். என் மாமியார் மீன் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். வஞ்சிரத் தலையை அவர் உறிஞ்சிப் போட்டால் பூனை வந்து முகர்ந்து பார்த்துவிட்டு எங்களை முறைக்கும். அப்படிப்பட்டவர், இல்லாத ஒரு கல்லுக்காக அதை விட்டார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தேன். பித்தப்பை எடுத்தவளுக்கு ஏன் கையைத் தூக்க முடியவில்லை என்று அவர் கேட்கவில்லை. ரசம் சோற்றைப் பிசைந்து ஊட்டினார். நான் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன்.

சரி, இவ்வளவு கூத்தும் அடித்தாயே, ஊர் உலகம் திரும்பிப் பார்த்ததா என்றால், ஒரு ஈ, காக்காய்கூடப் பார்க்கவில்லை. எப்படிப் பார்க்கும்? வைத்துக்கொண்ட மறுநாளிலிருந்து எனக்குக் கூச்சம் வந்துவிட்டது. ஆபீசுக்குத் தொளதொள சுடிதார், அதன்மேல் போர்வை மாதிரி துப்பட்டா. வீட்டில் நைட்டி, அதன்மேல் துண்டு. ஆசைப்பட்டு வாங்கியதை அலமாரியில் வைத்துப் பூட்டியதுபோல நானே மூடி மூடி வைத்தேன். கவனித்தது ஒரே ஒருத்திதான். கரையான்சாவடி மெயின் ரோட்டில் எனக்கு ஜாக்கெட் தைக்கிற பெண். கல்யாணமான நாளிலிருந்து ஒரே பழைய ஜாக்கெட்டைத்தான் அவளிடம் அளவுக்குக் கொடுப்பேன். அந்த முறை தைத்து வாங்கியதில் ஒரு கொக்கிகூடப் போட முடியவில்லை. திரும்பக் கொண்டுபோனபோது என்னையும் ஜாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, வேற யாரு ஜாக்கெட்டயோ அளவுக்குக் குட்துட்டியா?" என்றாள். "ஆமாம், மாறிப்போச்சு" என்று அசடு வழிந்தேன்.

சில மாதங்களில் இடது பக்கம் இறுக ஆரம்பித்தது. உடம்பு அந்தப் பையை அந்நியனாகப் பார்த்துச் சுற்றிலும் ஒரு சவ்வைக் கட்டி, அதை நெரிக்கிறதாம். சிலருக்கு அப்படி ஆகும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். சிலர் என்றால் வேறு யாரோ என்றுதானே நாம் எடுத்துக்கொள்வோம். முதலில் உருண்டையானது, பிறகு கெட்டியானது, பிறகு மேலே ஏறியது. கண்ணாடி முன்னால் நின்றால் வலது பக்கம் கொரட்டூர் ஏரியைப் பார்த்துக் குனிந்திருக்கும், இடது பக்கம் ஏதோ மேம்பாலத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கும். குப்புறப் படுத்துத் தூங்குகிறவள் நான். அந்தச் சுகமும் போனது. பெண் ஓடிவந்து கட்டிக்கொண்டால் இடது பக்கத்தை ஒதுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் கட்டிக்கொள்வேன்.

"எடுத்துட்டு வேற வைக்கலாம், இல்லன்னா மொத்தமா எடுத்துடலாம்" என்றார் டாக்டர். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? பயம்தான். எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? கேரம் போர்டாவது வழவழப்பாக இருக்கும்.

இதற்கு நடுவில் மாமியார் உருளலை நினைவுபடுத்திக்கொண்டே இருந்தார். எனக்கோ குப்புறப் புரளவே முடியாது. ஆறாத புண், மாதவிலக்கு, ஆடிட்டிங், மழை, பெண்ணுக்குப் பரீட்சை என்று கையில் இருந்த சாக்கையெல்லாம் சொன்னேன். முதல் ஆடி அப்படியே போனது.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் கொடுமை. காலையிலேயே குமணன்சாவடிக்குப் போய், செவுளைத் தூக்கிப் பார்த்து, நல்ல மீனாக வாங்கி வருவார். எங்களுக்காகத்தான். புளியைக் கரைத்து ஊற்றி, கொதி வந்ததும் கரண்டியில் குழம்பை எடுத்து ஊதி என் உள்ளங்கையில் விடுவார். "உப்பு பாரு" என்பார். அவர் நாக்கில் வைக்கக் கூடாதே. அளவு தெரியாமல் கைவாக்கில் போட்ட உப்பு சில வாரம் கரிக்கும், சில வாரம் இருக்கவே இருக்காது. நான் எப்போதும், "சரியா இருக்கு அத்தே" என்பேன். குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நாங்கள் மீனைத் தின்போம். அவர் மோர் ஊற்றிக்கொண்டு, யார் தட்டில் எந்தத் துண்டு விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்த ஆடி வந்தது. "இந்த ஆடியும் போச்சுனா அம்மா நம்மள மறந்துடுவா" என்றார். இனி தப்ப வழியில்லை. உள்ளே இரண்டு பிரா, அதன்மேல் துண்டை இறுக்கிச் சுற்றி, அதற்கும் மேல் மஞ்சள் புடவை. கோயில் குழாயடியில் தலையில் தண்ணீரை ஊற்றினார் மாமியார். கைகளைத் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு ஈரத்தரையில் படுத்தேன். கூட வந்தவர்கள் தள்ளி உருட்டிவிடுவதுதான் வழக்கம். அவர் குனிந்து என் இடுப்பில் ஒரு கையும் தோளில் ஒரு கையுமாகத் தள்ளினார்.

மல்லாந்து கிடந்தவரை ஒன்றும் இல்லை. குப்புறத் திரும்பியதும் இடது பக்கம் தரையில் இடித்து, வலி தோள்பட்டைவரை ஏறியது. வலது பக்கம் அமுங்கிக் கொடுத்தது, இடது கொடுக்கவில்லை. அதனால் எனக்கு நேராக உருளவே வரவில்லை. பிடி வைத்த தவலையைத் தரையில் உருட்டினால் எப்படிக் கோணிக்கொண்டு போகுமோ அப்படிப் போனேன். முதலில் உண்டியலில் போய் இடித்தேன். திருப்பி விட்டார்கள். அடுத்து, பக்கத்தில் ஒழுங்காக உருண்டுகொண்டிருந்த ஒரு அம்மாளின்மேல் மோதினேன். "யம்மா, உன் லைன்ல போமா" என்றார் அந்த அம்மாள், கூப்பிய கையைப் பிரிக்காமல்.

வலியில் எனக்குக் கண்ணீர் வந்தது. பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து யாரோ என் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். மாமியார் மறுபடி தள்ளினார். ஈரப் புடவையில் கை வழுக்கி, தோளைப் பிடிக்க வந்த கை இடது மார்பில் பதிந்தது. பதிந்த கை எடுபடவில்லை. மெதுவாக ஒருமுறை அழுத்திப் பார்த்தது.

"எந்திரி" என்றார்.

"இன்னும் பாதிகூட ஆகலையே அத்தே."

"எந்திரின்றேன்ல."

இத்தனை காலம் இந்த உருளலுக்காகக் காத்திருந்தவர், அதைப் பாதியில் நிறுத்தி என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பெண்கள் துணி மாற்றுகிற தகர மறைப்புக்குள் வந்ததும்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். ரத்தமே இல்லை.

"எப்பலேர்ந்து கீது?" என்றார்.

"எது அத்தே?"

"கல்லு மாரி கீதே, அதான். எப்பலேர்ந்து? ஒருத்தர்கிட்டயும் சொல்லாம உள்ள வச்சிகினு கீறியா?" பிடித்த கையை இன்னும் விடவில்லை. "என் தங்கச்சியும் இப்டித்தான். வெக்கப்பட்டுகினு சொல்லாம இருந்தா. அவ வாயத் தொறந்து சொல்றப்ப ஒண்ணும் பண்ண முடியாம பூட்ச்சி."

அந்தத் தங்கையின் படம் மாலையோடு எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. தினமும் அதற்குக் கீழே நின்றுதான் தலை வாரிக்கொள்கிறேன். என்ன நோயில் போனார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

மாமியார் சட்டென்று கோபுரத்தின் பக்கம் திரும்பினார். இரண்டு கையும் தலைக்குமேல் போனது. "தாயே, இவ சின்ன புள்ள வச்சிகினு கீறா. இவளுக்குப் பதிலா என்னை..." என்று ஆரம்பித்தார்.

பித்தப்பைக்கு மீனை விட்டவர், இதற்கு உயிரையே எழுதிக் கொடுக்கப் போகிறார். அம்மன் கேட்டுவிட்டால்? கூப்பிய கைகளை எட்டிப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

"வேணாம் அத்தே, வேண்டிக்காதீங்க. அது கட்டி இல்ல. நானா வச்சிக்கிட்டது."

"இன்னாத்த வச்சிகின?"

சொன்னேன். ஈரப் புடவையில் நடுங்கிக்கொண்டு, நெற்றியில் யாரோ வைத்த குங்குமம் மூக்கில் வழிய, பெரிதாகத் தெரிய வேண்டும் என்று உள்ளே பை வைத்துக்கொண்டேன், அது இறுகிப் போய்விட்டது என்று சொன்னேன்.

"கட்டி இல்லியா?"

"இல்ல அத்தே."

"நல்லாத் தெரியுமா?"

"ஸ்கேன்லாம் எடுத்துப் பாத்துட்டாங்க அத்தே. கட்டி கிட்டி ஒண்ணும் இல்ல."

"கட்டி இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்தார். அப்புறம்தான் அவர் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது.

"அப்ப பித்தப்ப?"

"அது நல்லாத்தான் இருக்கு அத்தே."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு வருசமா?" என்றார். மீன் என்ற பேச்சையே எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். குமணன்சாவடி சிக்னலில் வண்டி நின்றதும், "யாரு பாக்கறதுக்குடி வச்ச? போத்திகினுதான போற" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த காலேஜ் பெண் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினாள். கேரம் போர்டு என்று சொல்லிவிட்டு ஓடியவர்கள் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்களோ. அவர்கள் பார்க்கட்டும் என்று வைத்திருக்கிறேன். அவர்களுக்காக ஒருத்தி மீனை விட்டாள், இன்றைக்கு உயிரையும் விடத் துணிந்தாள். அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. மிச்சம் என்ன இருக்குமோ என்ற பயம் போகவில்லை. ஆனால் சிக்னல் விழுவதற்குள் முடிவு செய்துவிட்டேன், எடுத்துவிடுவது என்று.

டாக்டரிடம் இந்த முறை மாமியாரும் வந்தார். புதிது வைக்கலாமா என்று டாக்டர் கேட்டார். வேண்டாம் என்றேன். தோல் தளர்ந்திருக்கும், முன்பிருந்ததைவிடச் சிறியதாகத் தெரியலாம், வருத்தப்படக் கூடாது என்றார். "கேரம் போர்டைவிடவா டாக்டர்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. மாமியார் குறுக்கே வந்து, "எட்த்துடுங்க சார். இனிமே இன்னா பால் குடிக்கிற புள்ளயா கீது" என்றார்.

எடுத்த பிறகு நர்ஸ் ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். மயக்கத்தில் நான் சரியாகப் பார்க்கவில்லை. மாமியார்தான் விரலால் குத்திப் பார்த்தாராம். "ஆறிப்போன ஜவ்வரிசிக் கஞ்சி மாரி கீது. இத்துக்கா இம்மாம் பாடு?" என்று நர்சிடம் கேட்டிருக்கிறார்.

கட்டைப் பிரித்த அன்று கண்ணாடியைப் பார்த்து அழுதேன். பொய் சொல்ல மாட்டேன். காற்றுப் போன பலூனுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆனால் பெண் பள்ளியிலிருந்து வந்து, கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு மெதுவாகச் சாய்ந்தபோது, ஒதுக்க எனக்கு ஒரு பக்கமும் இல்லை. இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் மீனோடு வந்தபோது தைரியமாகச் சொன்னேன். "அத்தே, கல்லே இல்லையே, அப்புறம் வேண்டுதல் எப்படிச் செல்லும்? நீங்க மீன் சாப்பிடலாம்."

"நீ சொன்னதுதான் பொய்யி" என்றார். "நான் வேண்டிகினது நெசம்."

புண் முழுதாக ஆறட்டும் என்று டாக்டர் சொன்ன காலம்வரை காத்திருந்துவிட்டுப் போனேன். அது ஆடியும் இல்லை, ஒன்றும் இல்லை. கூட்டமே இல்லாத ஒரு சாதாரணப் புதன்கிழமை. ஈரத்தரையில் படுத்துத் திரும்பினேன். நெஞ்சு தரையில் படிந்தது. குளிர்ந்தது. தள்ளிவிட வந்த மாமியாருக்கு வேலையே இல்லை. கேரம் போர்டு நூல் பிடித்ததுபோல உருண்டு, உண்டியலை இடிக்காமல், யார் லைனிலும் போகாமல் சந்நிதிக்கு வந்து நின்றது. எழுந்ததும் தலை சுற்றியது. மாமியார் என் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

அந்த ஞாயிறு வஞ்சிரம். குழம்பு கொதித்தது. பழக்க தோஷத்தில் கரண்டியோடு என் பக்கம் திரும்பினார். நானும் பழக்க தோஷத்தில் உள்ளங்கையை நீட்டி, நக்கிப் பார்த்து, "சரியா இருக்கு அத்தே" என்றேன். அவர் அடுத்த சொட்டைத் தன் கையில் விட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். அழுகிறாரோ என்று நினைத்தேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "உப்பே இல்ல" என்றார். "எது எப்டி இருந்தாலும் சரியா கீதுன்னுதான் சொல்லுவியாடி நீ?"

உப்பு ஜாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.